காசு வாங்காத கவுண்டர்: செந்தூல் சனிக்கிழமை மேசை

கோலாலம்பூர் செந்தூலில் எனக்கு மோட்டார் சைக்கிள் பட்டறை. வருகிறவர்கள் வேலை முடிந்து போனதும் கூகுளில் நட்சத்திரம் போடுகிறார்கள். "செயின் மாற்ற அதிகம் வாங்கிவிட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "வேலை சுத்தம், ஆனால் அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்று இன்னொருவர். சரி, நாமும் ஒரு சேவையைப் பற்றி நாலு வரி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். நாலு வரியில் நிற்கவில்லை.

நான் சொல்லப்போகிற இடம் கூகுள் வரைபடத்தில் கிடையாது. பெயர்ப்பலகையும் இல்லை. ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டில், சனிக்கிழமை காலையில் இரண்டு பிளாஸ்டிக் மேசைகளைப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஐசி (அடையாள அட்டை) இல்லாதவர்கள், சூராட் பெரானா (பிறப்புச் சான்றிதழ்) எடுக்காமல் விடப்பட்ட பிள்ளைகள், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடே கிழமாகிப் போனவர்கள், இவர்களுடைய பத்திரங்களைப் பார்த்து, பாரம் நிரப்பி, ஜேபிஎன் என்ற தேசியப் பதிவுத் துறைக்குக் கூடவே போய், பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது இவர்கள் வேலை. கட்டணம் கிடையாது. நகல் எடுத்த செலவுக்கு ஓர் உண்டியல் வைத்திருக்கிறார்கள்; போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. கோயில் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதினால் அடுத்த வாரமே ஏஜெண்டுகள் வாசலில் வந்து நின்று ஆள் பிடிப்பார்களாம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கூட்டிக்கொண்டு போனது எங்கள் ஃபிளாட்டில் கீழ்மாடியில் இருக்கும் பையனை. வயது 17. பொழுது போகாவிட்டால் என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து, கழற்றிப் போட்டதையெல்லாம் உற்றுப் பார்ப்பான். கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டுவதில் என்னைவிட அவனுக்குப் பொறுமை அதிகம். கோலாலம்பூரில் அரசாங்க மருத்துவமனையில் பிறந்தவன். அப்பா நீல ஐசிக்காரர், அதாவது மலேசியப் பிரஜை. தோட்டத்தில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து லோரி அட்டெண்டனாக இருப்பவர். அம்மா தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். கோயிலில் தாலி கட்டினார்கள், ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டார்கள், பதிவு மட்டும் செய்யவில்லை. பையன் சின்னவனாக இருந்தபோது ஊருக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. இவனுடைய சூராட் பெரானாவில் குடியுரிமை என்று இருக்கும் இடத்தில் 'புக்கான் வார்காநெகாரா' என்று அடித்திருக்கிறது. இந்த நாட்டுப் பிரஜை இல்லையாம்.

அப்பா மலேசியர், பிறந்தது மலேசியாவில், பிறகு எப்படி இப்படி என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த மேசையில்தான் விளங்கியது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சொல்லும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. ஐயர் மந்திரம் சொல்லி, ஆயிரம் பேர் அட்சதை போட்டாலும், பதிவாளர் புத்தகத்தில் ஏறாத கல்யாணம் அந்தச் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் இல்லை. (சில கோயில்களில் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டவரே இருப்பார். அங்கே தாலி கட்டியவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.) அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை என்ன சொல்கிறதென்றால், சட்டப்படி மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையின் விஷயத்தில் 'அப்பா' என்று வரும் இடத்தையெல்லாம் 'அம்மா' என்று வாசிக்க வேண்டும். அம்மா வெளிநாட்டவர் என்றால் பிள்ளையும் வெளிநாட்டவன். சரி, பிறகு பதிவு செய்துகொண்டால் தீர்ந்துவிடாதா? பிலிப்பைன்ஸில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அப்பா மலேசியர், பிள்ளை பிறந்து சில மாதங்களில் பெற்றோர் பதிவும் செய்துகொண்டார்கள். 2021 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் நாலு பேர் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றார்கள், மூன்று பேர் உண்டு என்றார்கள்.

அந்த ஒரு சொல்லால் பையனுக்கு என்னென்ன கிடையாது என்று பட்டியல் போட்டால் பக்கம் போதாது. இரண்டு மட்டும் சொல்கிறேன். காய்ச்சல் என்று அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால் எனக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), அவனுக்கு வெளிநாட்டவர் கட்டணம். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து மைகார்டை, அதாவது நீல ஐசியைச் சொருகினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென் என்று வந்ததல்லவா, அதற்கு மைகார்டும் வேண்டும், லைசென்சும் வேண்டும். மைகார்டு இல்லாதவனுக்கு லைசென்ஸ் ஏது? நாள் முழுக்கப் பெட்ரோல் வாடையிலேயே உட்கார்ந்திருக்கிற பையன், எவனுடைய மோட்டாரையும் ஓட்டிப் பார்த்துச் சோதிக்க முடியாது. தெரு முனையில் ரோட் பிளாக் என்றால் பட்டறைக்குள்ளேயே இருந்துவிடுவான்.

இனி சேவைக்கு வருகிறேன்.

போனதும் பாரத்தை நீட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் பாரத்தைத் தொடவே இல்லை. மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். பக்கத்தில் ஒரு பெரியவர், தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். அரசாங்க மலாயில் கடிதம் எழுதினால் ஒரு காற்புள்ளி தவறாது. அவரைக் கிராணி ஐயா என்கிறார்கள். டீச்சர் நீளமான ஒரு கணக்குப் புத்தகத்தைப் பிரித்து, பையனின் அப்பாவைப் பார்த்து, "பிறந்ததிலேர்ந்து சொல்லுங்க. எந்த வருஷம் எந்த வீட்டுல இருந்தீங்க?" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரம் மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். எந்த ஃபிளாட், யார் வீட்டுக்காரர், ஊசி போட்ட கிளினிக் எது, பாலர் பள்ளியில் யார் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தார்கள், எல்லாவற்றையும் டீச்சர் வருடவாரியாக எழுதிக்கொண்டார். ஒவ்வொரு வருடத்துக்கு எதிரேயும், "இதுக்கு என்ன பேப்பர் இருக்கு?" என்று கேட்டார். இருந்தால் சரி. இல்லையென்றால் அந்தக் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் சுற்றினார்.

அந்தச் சிவப்பு வட்டங்கள்தான் எங்களுக்கு வீட்டுப்பாடம். ஊசிக் கார்டைத் தேடு. பள்ளியில் போய்ச் சேர்க்கைப் பதிவின் நகலைக் கேள். பிரசவத்தின்போது கூட இருந்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா, அவரிடம் சத்தியப் பிரமாணம் வாங்கு. கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா? பையனின் அப்பா, "அதெல்லாம் எங்க டீச்சர் இருக்கப்போவுது" என்று இழுத்தார். பிறகு ஒரு நாள் அலமாரியின் அடித்தட்டில் பழைய சேலைக்குள் சுற்றியபடி கிடைத்தது. மஞ்சள் தடவிய பத்திரிகை, கூடவே மனைவியின் பாஸ்போர்ட் நகல் ஒன்று. டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். எல்லாம் சேர்ந்த பிறகு கிராணி ஐயா அதை ஒரே பக்கத்தில் மலாயில் அடித்துக் கொடுத்தார். இடப்பக்கம் வருடம், நடுவில் என்ன நடந்தது, வலப்பக்கம் எந்த இணைப்பில் ஆதாரம் இருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணை ஒரு தரம் ஓட்டினால் போதும், 17 வருடம் தெரிந்துவிடும். அந்த ஒரு பக்கத்துக்கே என் நாலு நட்சத்திரத்தில் இரண்டைக் கொடுத்துவிடுவேன்.

இவனுக்குப் போடுவது அரசியலமைப்பின் 15ஏ விதியின் கீழ் மனு. 'சிறப்புச் சூழ்நிலை' இருந்தால் ஒரு பிள்ளையைப் பிரஜையாகப் பதிவு செய்யலாம் என்று அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் விதி அது. முடிவு உள்துறை அமைச்சர் கையில். நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. டீச்சர் இதை முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார்: "கெடைக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஒழுங்காப் போட்டோம்னு மட்டும் சொல்வேன்." அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. இதே வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்டு, "மேலிடத்துல ஆள் இருக்கு" என்று சொல்லும் ஏஜெண்டுகளை எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஃபிளாட்டிலேயே ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, அந்த ஆளின் போன் எண்ணை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது.

அவசரம் ஏன் என்றால் வயது. 15ஏ விதி 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்றுதான் வகுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் மக்களவை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான ஆதரவோடு நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அதை 18 ஆக்குகிறது. அந்தத் திருத்தத்தில் நல்லதும் உண்டு. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள், அப்பாவுக்கு இருக்கும் உரிமை எங்களுக்கு ஏன் இல்லை என்று நீதிமன்றம் போனார்கள். 2021இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2022இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். அவர்கள் கேட்டதை இந்தத் திருத்தம் கொடுத்தது. கொடுத்த கையோடு வேறொன்றை எடுத்தது. அதுவரை இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக, அதாவது சிவப்பு ஐசிக்காரராக இருந்தாலே போதும், குடியுரிமை தானாக வந்துவிடும். திருத்தம் அந்தச் சொல்லையே வெட்டிவிட்டது.

இன்னும் அதிகமாக வெட்டியிருப்பார்கள். யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தைகளுக்குத் தானாகக் கிடைக்கும் குடியுரிமையைப் பதிவுக்கு மாற்றுவது, எந்த நாட்டுக்கும் உரியவராகப் பிறக்காத பிள்ளைக்கான பாதுகாப்பை நீக்குவது, இரண்டும் முதல் வரைவில் இருந்தன. பொது அமைப்புகளும் வழக்கறிஞர்களும் பல மாதம் விடாமல் எதிர்த்தார்கள். 2024 மார்ச்சில் உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோன் அந்த இரண்டையும் கைவிடுவதாக அறிவித்தார். அந்தச் செய்தி வெளியான பத்திரிகைத் துண்டை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கோயில் திருவிழா நன்கொடைப் பட்டியல்.

டீச்சரிடம் 18ஆ 21ஆ என்று கேட்டதற்கு, "பதினெட்டுன்னே கணக்கு வச்சுக்க, இருபத்தொண்ணுன்னு நம்பி உக்காராதே" என்றார். அதனால்தான் மற்ற கோப்புகளுக்கு முன்னால் எங்கள் கோப்பு நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் முணுமுணுத்திருப்பேன்.

காத்திருக்கும் நேரத்தில் பக்கத்து மேசையில் நடந்ததைப் பார்த்தேன். சிவப்பு ஐசி வைத்திருக்கும் ஒரு பெண், நிறைமாதம். கணவர் நீல ஐசி. புதுச் சட்டத்தால் என் பிள்ளைக்கு இனிமேல் சூராட் பெரானாவில் பிரஜை என்று போடமாட்டார்களா என்று பயந்துபோய் வந்திருக்கிறது. டீச்சர் கேட்டது ஒரே கேள்வி: "ரெஜிஸ்டர் பண்ணியாச்சா?"

"தாலி கட்டியாச்சே டீச்சர்."

"தாலியக் கவுண்டர்ல காட்டுவியா? அவர் நீல ஐசி. பதிவு இருந்தா பிள்ளைக்கு அப்பா வழியிலயே வந்துரும், உன் சிவப்பு ஐசியப் பத்திக் கவலையே வேணாம். பிள்ளை பொறக்குறதுக்கு முன்ன முடிங்க. பொறந்த பிறகு 60 நாளைக்குள்ள பிள்ளையப் பதிங்க. 60 தாண்டினா லேட், அப்புறம் என்கிட்டதான் வருவீங்க."

திங்கட்கிழமையே போகச் சொல்லி, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பிள்ளை பதினேழு வருடம் கழித்து இந்த மண்டபத்துக்கு வர வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. பையனின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு பாட்டி. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 1968இல் பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. அதையொட்டி 1969, 70களில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். பாட்டியின் அண்ணன் போய்விட்டார், பாட்டி போகவில்லை. சிவப்பு ஐசியோடு நின்றுவிட்டார். 60 வயதைக் கடந்த, சிவப்பு ஐசி வைத்திருக்கும் 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று 2018இல் அரசாங்கம் அறிவித்தபோது கோயிலில் அர்ச்சனை வைத்தாராம். இவர் பெயர் அதில் வரவில்லை. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். கோப்பில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சுக்குமல்லிக் காப்பி போட்டுக்கொண்டு வந்து எல்லாருக்கும் ஊற்றுகிறார். காப்பி அருமை. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

ஜேபிஎன் தலைமையகம் இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போவது தனிக் கலை. செந்தூல் பாராட் எம்ஆர்டியில் ஏறினால் புத்ராஜெயா சென்ட்ரல் வரை ஒரே ரயில்தான், ஆனால் ஐசி இல்லாத பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. வேன் அங்கிள் என்று ஒருவர் இருக்கிறார். காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மேசை ஏற்பாடு செய்யும் நாட்களில் அதே வேனில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பிரெசின்ட் 2க்கு ஓட்டுவார். பெட்ரோல் காசு உண்டியலிலிருந்து. வேனுக்குள் ஒரு அக்கா எல்லாருடைய கோப்பையும் மறுபடி சரிபார்க்கிறார்: ஒரிஜினல் மேலே, நகல் கீழே, பாஸ்போர்ட் அளவுப் படம் கிளிப்பில். எங்கள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த அதிகாரி அந்த ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு, இதை யார் தயாரித்தது என்று கேட்டார். கேட்ட தொனியில் மரியாதைதான் இருந்தது. மனு வாங்கப்பட்டது, ரசீது கிடைத்தது.

ரவாங்கிலும் கிள்ளானிலும் பந்திங்கிலும் இதே மாதிரி மேசைகள் இருக்கின்றனவாம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் குழு. எந்தக் கவுண்டரில் என்ன புதிதாகக் கேட்கிறார்கள், எது ஏற்கப்பட்டது, எது திரும்பி வந்தது என்று அன்றன்றைக்கு அதில் போடுகிறார்கள். விதி ஒன்றுதான், ஆனால் கேட்கும் பத்திரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது இந்த வழியில் அலைந்தவர்களுக்குத் தெரியும். பத்திரம் இல்லாத இந்தியர்களைப் பதிய 2011இல் அரசாங்கமே மைடஃப்தார் என்று இயக்கம் நடத்தியது. 2017இல் மறுபடியும் பெரிதாக நடத்தினார்கள். கூடாரம் போட்டார்கள், பாரம் வாங்கினார்கள், வரிசை நீண்டது. கூடாரத்தைப் பிரித்த பிறகு, கொடுத்த பாரம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தெரியாதவர்கள்தான் இங்கே மண்டபத்தில் பாதிப் பேர். பையனின் அப்பாவும் முன்பு ஓர் அலுவலகத்தில் 'துங்கு' என்று சொன்னதைக் கேட்டு வந்தவர்தான். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார், பையனுக்கு மீசை முளைத்துவிட்டது.

இந்த மேசையின் உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது. பாரம் நிரப்ப ஆயிரம் பேர் கிடைப்பார்கள். கொடுத்த பிறகு விடாமல் பின்தொடர்வதற்குத்தான் ஆளில்லை. டீச்சரின் புத்தகத்தில் ஒவ்வொரு ரசீது எண்ணுக்கும் நேரே, அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும் என்று தேதி இருக்கிறது. அந்தத் தேதி வந்தால் கிராணி ஐயாவின் கடிதம் போகும். கடிதத்தின் நகலில் பெறப்பட்டது என்று முத்திரை வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் பட்டறைக்காரன், வேலை செய்து கொடுத்த வண்டி ஒரு மாதம் கழித்து எப்படி ஓடுகிறது என்று போன் போட்டுக் கேட்கிற மெக்கானிக்கை இந்த ஊரில் பார்த்ததில்லை. நானும் கேட்பதில்லை. இவர்கள் கேட்கிறார்கள்.

இனி அந்தக் குறைந்த நட்சத்திரம்.

முதல் குறை, மறைவு இல்லை. இரண்டு மேசைக்கும் நடுவில் கை நீட்டினால் எட்டும் தூரம்தான். பையனின் குடும்பக் கதை அத்தனையும் அன்று மண்டபத்தில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. மனைவி ஏன் போனாள், எப்போது போனாள், பிறகு ஏன் தேடவில்லை என்று டீச்சர் கேட்கத்தான் வேண்டும், மனுவில் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடக் குரலில் கேட்கிறார். "புத்தி எங்க போச்சு உங்களுக்கு?" என்று மகனுக்கு எதிரிலேயே அப்பாவைத் திட்டினார். மனிதர் அன்றே எழுந்து போயிருப்பார், நான்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு தடுப்புத் திரை வாங்க எவ்வளவு ஆகிவிடும்? கல்யாணத்துக்குக் கட்டும் திரை கோயில் சாமான் அறையிலேயே கிடக்கிறது. சொன்னேன். பார்ப்போம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரிசை எண் கிடையாது. முன்னால் வந்தவர், தெரிந்தவர், அழுகிறவர் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. இதற்கு நடுவில் ஒரு நாள் ஒரு கட்சிக்காரர் பரிவாரத்தோடு வந்து, வரிசையில் இருந்தவர்களை நிற்கவைத்துப் படம் எடுக்கப் பார்த்தார். கிராணி ஐயா எழுந்து, "படம் வேணும்னா அவங்க மனுவுக்கு ஆதரவா ஒரு கடிதம் எழுதிக் குடுத்துட்டு எடுங்க" என்றார். கடிதமும் வரவில்லை, படமும் எடுக்கவில்லை. அதை நான் குறையில் சேர்க்கவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

பெரிய குறை அந்தக் கணக்குப் புத்தகம். எல்லாம் அதில் இருக்கிறது, அது டீச்சரிடம் இருக்கிறது, அவர் எழுத்து அவருக்குத்தான் விளங்கும். சுருக்கெழுத்து மாதிரி பக்கத்துக்குப் பக்கம் குறியீடுகள். அவருக்குப் பிறகு யார் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை அவருக்குக் கண் அறுவை சிகிச்சை. அன்று வந்தவர்களுக்குக் காப்பி மட்டும்தான் கிடைத்தது. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறோம் என்று வந்தார்கள். ஐசி எண்ணும் முகவரியும் வெளியே போய்விடும் என்று டீச்சர் மறுத்துவிட்டார். அவர் பயம் நியாயமானது, ரோட் பிளாக்கைக் கண்டு பதுங்கும் பிள்ளைகளின் விலாசம் இருக்கிற புத்தகம் அது. ஆனாலும் ஒரு நகலாவது எடுத்துப் பூட்டி வைக்க வேண்டாமா? மண்டபத்தின் பின்கட்டில் மழைக்கு ஒழுகுகிறது.

பையனின் மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ரசீதை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறான். (லேமினேட் செய்ததற்கு டீச்சரிடம் தனியாக ஒரு வசவு, அதில் முத்திரை குத்த இடம் வேண்டுமாம்.)

போக நினைக்கிறவர்களுக்கு: செந்தூல் பக்கம் பூக்கடையில் ஐசி டீச்சர் என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள். எல்லாப் பத்திரத்துக்கும் ஒரிஜினலும் இரண்டு நகலும் எடுத்துப் போங்கள். நகலை வெளியிலேயே எடுத்துவிடுங்கள், அங்கே உள்ள மெஷின் கறுப்புக் கோடு விழுந்தே வருகிறது. பழைய பத்திரிகை, கல்யாணப் படம், ஊசிக் கார்டு, பள்ளி ரிப்போர்ட் புத்தகம் எதையும் உபயோகமில்லை என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாடகை வீட்டுக்காரர் இன்னும் பேசுகிற நிலையில் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். பிள்ளைக்கு 17 ஆகிவிட்டது என்றால் உட்காருவதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடுங்கள். மதியம் 12க்கு மேல் புதுக் கோப்பு எடுக்கமாட்டார்கள். பள்ளி விடுமுறை வாரங்களில் போகாதீர்கள். டீச்சர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஈப்போவுக்குப் போய்விடுவார், புத்தகமும் அவரோடு போய்விடும்.